வெள்ளைத் துணிப் பழ உறை: கொய்யாவுக்குச் சரி, செந்தூர மாம்பழத்துக்கு வேண்டாம்

சென்னை நர்சரிகளிலும் ஆன்லைனிலும் கட்டுக்கட்டாக விற்கும் பழ உறை இது. நான்-ஓவன் (நெய்யாத) துணி, வாயில் சுருக்குக் கயிறு. கொய்யாவுக்கு 6-க்கு 8 அங்குலம் தாராளம். பங்கனப்பள்ளி போன்ற பெரிய காய்க்கு 8-க்கு 10 வேண்டும்.

பழ ஈயைத் தடுக்கத்தான் இந்த உறை. அதை ஒழுங்காகச் செய்கிறது. பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே ஊசிமுனை அளவு புள்ளிதான் தெரியும். நறுக்கினால் புழு நெளியும். செங்காயான பிறகு உறை போட்டால் முட்டையையும் சேர்த்துக் கட்டிவைத்த கதைதான். எலுமிச்சை அளவிலேயே போட்டுவிட வேண்டும். அதற்கு முன் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவை உதறிவிட்டு, காம்படியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளித்து, ஈரம் நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் உறைக்குள் மாவுப்பூச்சி குடித்தனம் நடத்தும், எறும்பு காவலிருக்கும். கயிற்றைக் காம்பில் இறுக்காமல் அதைத் தாங்கும் சிறுகிளையோடு சேர்த்துக் கட்டினால், காற்றில் உறை ஆடினாலும் காய் உதிராது.

பெரிய குறை, பழுப்பது கண்ணுக்குத் தெரியாது. உறைக்குள் வளரும் கொய்யா முதலிலிருந்தே வெளிர்பச்சைதான். நிறத்தை நம்பிப் பறித்தால் துவர்க்கும். துணியோடு லேசாக அமுக்கிப் பாருங்கள். இளகி, வாசமும் வந்தால் பறிக்கலாம். செந்தூரத்துக்கு வெயில் படாமல் அந்தச் சிவப்பு ஏறாது. நாளுக்கு நாள் சிவக்கிற அழகைப் பார்க்கத்தானே அந்த மரத்தை வீட்டில் வைப்பது?

நைலான் வலைப்பை சீத்தாவுக்குப் பொருத்தம். காயின் கண்கள் விலகி, இடையில் வெளிர்மஞ்சள் கோடு விழுவது வெளியிலிருந்தே தெரியும். அப்போது பறித்து வைத்தால் வீட்டில் பழுக்கும். கொய்யாவுக்கு அது ஆகாது. வலை தோலில் ஒட்டும் இடத்தில், வலைக்கண் வழியாகவே ஈ முட்டையிட்டுவிடும்.

அணிலுக்கு இரண்டுமே ஒரு பொருட்டில்லை, கடித்துக் கிழித்துவிடும். விற்பவர் என்ன சொன்னாலும் அணிலுக்குக் கம்பி வலைதான்.

கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் கிடந்த துணி உறை நொறுங்கத் தொடங்கும். அடுத்த காய்ப்புக்கு எடுக்கும்முன் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். பிசிறாகக் கிழிந்தால் புதிதுதான் வாங்க வேண்டும்.