நிற வேறுபாடு என்ற பெயரில் விற்கப்படும் ஹார்மோன் பீகாக் மீன்கள்: வாங்குமுன் கவனியுங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன் பக்கம் ஆப்பிரிக்க ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் என்ற வண்ணமீன்களை வளர்க்கும் நண்பர்கள், குறிப்பாக அவற்றில் பீகாக் வகையைச் சிறு வயதிலேயே முழு நிறத்தோடு வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப் வழியாக வண்ணமீன் விற்கும் ஒருவரிடமிருந்து, "ஒரிஜினல் உசிஸ்யா, கலப்பே கிடையாது" என்ற உறுதிமொழியின் பேரில், மீன் ஒன்றுக்கு 450 ரூபாய் வீதம் எட்டு பீகாக் மீன்களை வாங்கினேன். பேருந்துப் பார்சலில் வந்த ஆக்சிஜன் பைகளைப் பிரித்தபோது எல்லா மீன்களும் உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு அங்குல நீளம்தான் இருந்தது, ஆனால் எட்டுமே முதிர்ந்த ஆண்மீனுக்குரிய மஞ்சள் உடலோடும் நீல முகத்தோடும் மின்னின. ஓரிரு மாதங்களுக்குள் அந்த நிறம் வடிந்து, எட்டும் சாம்பல் மேனியும் மங்கிய பட்டைகளுமாக மாறிவிட்டன. விற்றவரிடம் கேட்டபோது அவர் சொன்ன ஒரே பதில், "அண்ணே, இது இந்த இனத்தோட கலர் வேரியேஷன், எல்லா மீனும் ஒரே மாதிரி இருக்காது" என்பதுதான்.

இந்தப் பதில் பாதி உண்மையாக இருப்பதால்தான் இது ஆபத்தானது. உசிஸ்யா என்பது தனி இனமன்று. 1985-இல் மேயர், ரீல் என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்து, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து மீன் ஏற்றுமதி செய்துவந்த ஸ்டூவர்ட் கிரான்ட் என்பவரின் பெயரைச் சூட்டிய அவ்லோனோகாரா ஸ்டூவர்ட்கிரான்டி என்ற இனத்தில், உசிஸ்யா என்ற கரையோர ஊரை அடுத்த நீரில் வாழும் ஒரு வகை. அதே இனம் ங்காரா பகுதியில் தீக்கொழுந்து நிற வாலோடும், சிலும்பா பகுதியில் நீலம் மிகுந்த உடலோடும் காணப்படுகிறது. பாறையும் மணலும் சந்திக்கும் இடங்களிலேயே வாழும் இம்மீன்கள் ஆழமான திறந்த நீரைக் கடந்து அடுத்த கரைக்குப் போவது அரிது. ஒவ்வொரு கரையிலும் பெண்மீன்கள் தம் கரை ஆண்களின் நிறத்தைப் பார்த்தே இணையைத் தேர்ந்தெடுத்து வந்ததால், நெடுங்காலத்தில் ஒரே இனத்துக்குள் இத்தனை நிறங்கள் நிலைபெற்றன. தலையின் அடிப்பகுதியிலுள்ள பெரிய உணர்துளைகளால் மணலுக்குள் நெளியும் சிற்றுயிரின் அசைவை அறிந்து, அசையாமல் நின்று பாய்ந்து கவ்வும் இந்த மீனை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்க மாட்டார்.

நிற வேறுபாட்டுக்கு இடம் மட்டும் காரணமன்று. பெண்மீன்கள் வாழ்நாள் முழுவதும் சாம்பல் அல்லது பழுப்பு நிறமாகவே இருக்கும். ஆண்குஞ்சுகளும் முதல் சில மாதங்கள் பெண்ணைப் போலவே இருந்து, ஏறக்குறைய இரண்டரை, மூன்று அங்குலத்தை எட்டும்போதுதான் படிப்படியாக நிறம் ஏற்கத் தொடங்கும். நிறம் ஏறிய பிறகும், ஒரு தொட்டியில் ஆதிக்கம் செலுத்தும் ஆண் மட்டும் பளிச்சென்று இருக்க, அதனிடம் அடிபடும் மற்ற ஆண்கள் மங்கியே திரியும். ஆகவே, நெரிசலான ஒரு தொட்டியில் இரண்டு அங்குல மீன்கள் அத்தனையும், ஒன்றுகூட விதிவிலக்கில்லாமல், ஒரே செறிவான நிறத்தில் நிற்பதாக யாராவது காணொளி அனுப்பினால், இயல்பான நிற வேறுபாடு எதுவுமே அங்கே இல்லை என்பதுதான் முதல் சந்தேகத்துக்குரிய அடையாளம். எனக்கு வந்த காணொளி அப்படித்தான் இருந்தது.

இப்படிப்பட்ட நிறம் எப்படி வருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். திலேப்பியா பண்ணைகளில் குஞ்சுகள் அனைத்தையும் ஆணாக்குவதற்காகத் தீவனத்தில் கலக்கப்படும் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் என்ற செயற்கை ஆண் ஹார்மோனை, ஆல்கஹாலில் கரைத்து, குருணைத் தீவனத்தின் மீது தெளித்து உலர்த்தி, பீகாக் குஞ்சுகளுக்கும் பெண்மீன்களுக்கும் ஊட்டினால், அவை வயதுக்கும் பாலினத்துக்கும் பொருந்தாத ஆண் நிறத்தை விரைவில் ஏற்றுக்கொள்கின்றன. ஊட்டுவதை நிறுத்தினால் நிறம் வடிந்துவிடும். நிறம் போவதைவிடப் பெரிய கேடு, இப்படி வளர்ந்த பெண்மீன்களின் இனப்பெருக்கத் திறன் பாதிக்கப்படுவதும் சில மலடாகிவிடுவதும் ஆகும். இனம் பெருக்க வேண்டுமென்று வாங்குபவருக்கு அந்த மீன் கொடுத்த விலைக்கு ஈடாக எதையும் தராது.

விற்றவர் பிறகு இரண்டு காரணங்களைச் சேர்த்துக்கொண்டார். முதலாவது தண்ணீர், எங்கள் பகுதி போர் தண்ணீரின் உப்பு நிறத்தைக் கெடுத்துவிட்டது என்றார். நம் கடலோரத்தில் பலர் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீன்களை விட்டுவிட்டு மலாவி மீன்களுக்கு மாறியதற்குக் காரணமே, அந்த ஏரி நீர் 7.7 முதல் 8.6 வரை pH அளவுள்ள காரத்தன்மை கொண்டது என்பதும், கடினமான நீரை அம்மீன்கள் நன்கு தாங்கும் என்பதும்தான். மலாவி நன்னீர் ஏரி என்பதால் உவர்ப்பு மிகுந்த தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது என்பது சரியே. நான் போர் தண்ணீரோடு காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கலந்தே பயன்படுத்துகிறேன். அதே தண்ணீரில், அதே வடிகட்டியின் கீழ், இராமநாதபுரத்து நண்பர் ஒருவர் தம் வீட்டில் பெருக்கித் தந்த ஆண் பீகாக்குகள் இன்றும் நிறம் குறையாமல் இருக்கின்றன.

இரண்டாவது உணவு, கலர் ஃபுட் போடாததால் நிறம் இறங்கிவிட்டது என்றார். மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு உணவிலுள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிகள் துணைசெய்கின்றன என்பதும், ஸ்பைருலினா, கிரில் சேர்ந்த தீவனம் அந்த நிறங்களைச் செறிவாக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் முகத்திலுள்ள நீலம் அப்படிப்பட்ட நிறமியால் வருவதன்று. தோலணுக்களில் அடுக்கப்பட்ட நுண்படிகங்கள் ஒளியைத் திருப்புவதால் தோன்றுவது. என் மீன்களில் மஞ்சளுக்கு முன்பே நீலம்தான் மறைந்தது. அடக்கப்பட்டதால் மங்கியிருக்குமோ என்ற ஐயத்தையும் விட்டுவிடாமல், மீன்களைத் தடுப்பு வைத்துத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். விரட்ட ஆளில்லாத இடத்திலும் எதுவும் நிறம் ஏறவில்லை. அவை மூன்று அங்குலத்தைக் கடந்த பிறகு ஈரக் கையில் தூக்கி அடிவயிற்றைப் பார்த்தபோது, ஐந்து மீன்களில் இனப்பெருக்கத் துளை மலத்துளையைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தது. அது பெண்ணின் அடையாளம்; ஆணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஆண் என்று சொல்லி, ஆணின் நிறத்தைக் காட்டி, ஆணுக்குரிய விலையில் எனக்குப் பெண்மீன்களை விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீதமிருந்த மூன்று ஆண்களில் ஒன்றுக்கு, வளர வளர உடலில் ஒழுங்கற்ற கரும்புள்ளிகளும் ஆரஞ்சுத் திட்டுகளும் தோன்றின. கடைகளில் ஓபி (ஆரஞ்சு பிளாட்ச், அதாவது ஆரஞ்சுத் திட்டு) பீகாக் என்று விற்கப்படும் மீன்களின் சாயல் அது. அத்தகைய திட்டு நிறம் மலாவியின் பாறை வாழ் சிக்லிட்களில் இயற்கையாக, பெரும்பாலும் பெண்களிடம், காணப்படுவது. பீகாக்கில் அது மனிதர் செய்த கலப்பினத்தால் வந்தது. ஓபி என்று சொல்லியே விற்றால் அதில் குறையில்லை, விரும்புவோர் வாங்கட்டும். கலப்பே கிடையாது என்று சொல்லி விற்றதுதான் மோசடி. பீகாக் பெண்மீன்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் இருப்பதால், இப்படிப்பட்ட மீன் ஒன்று யாருடைய தொட்டியிலாவது சேர்ந்துவிட்டால், அடுத்த தலைமுறையிலிருந்து எது உசிஸ்யா, எது கலப்பு என்று பிரிக்கவே முடியாது. மொட்டைமாடித் தொட்டிகளில் குஞ்சு பெருக்கி விற்றுக் குடும்பச் செலவுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்; பல தலைமுறையாகச் சுத்தமாக வைத்திருக்கும் அவர்களுடைய வரிசை ஒரே மீனால் பாழாகிவிடும் என்பதுதான் எனக்குப் பணம் போனதைவிடப் பெரிய வருத்தம்.

வாங்க நினைப்பவர்கள், குறைந்தது மூன்றரை அங்குலம் வளர்ந்து தானாக நிறம் ஏறிய ஆணை வாங்குங்கள். அல்லது சாம்பல் நிறக் குஞ்சுகளையே குறைந்த விலைக்கு வாங்கி நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். தாய், தந்தை மீன்களை ஒரே தொட்டியில், அன்றைய தேதியைச் சொல்லி எடுத்த காணொளியாகக் கேளுங்கள். எனக்கு அனுப்பப்பட்ட படத்தில் ஓர் ஆண்மீன் மட்டுமே இருந்தது; பெண்ணைக் காட்டுங்கள் என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். இப்படி நடந்தால், சின்னத் தொகை என்று விட்டுவிட வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. உசிஸ்யா என்றும் கலப்பில்லை என்றும் அவர் எழுதிய செய்திகள், பணம் அனுப்பிய ரசீது, பார்சல் சீட்டு, பையைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி, நிறம் இறங்கியதை வாரவாரம் காட்டும் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். தீர்வு கிடைக்காவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இந்த எட்டு மீன்களையும் யாருக்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ போவதில்லை. ஊரணியிலோ கண்மாயிலோ விடவும் மாட்டேன். தனித் தொட்டியில், மற்ற பீகாக்குகளோடு கலக்காமல், ஆயுள் உள்ளவரை வளர்ப்பேன். இதே போன்ற மீன்களை வாங்கி, அவை நிறம் இறங்கக் கண்டவர்கள் உங்கள் பகுதியில் இருந்தால், அவற்றை இனப்பெருக்கத் தொட்டியிலிருந்து இப்போதே பிரித்துவிடச் சொல்லுங்கள்.