எச்எம்டி என்எச்22 லேத், ரொம்ப வருஷமா ஓட்டுறவன் சொல்றது

கோயமுத்தூர்ல சின்ன ஒர்க்‌ஷாப் நம்முளுது, பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடையறதுதான் மெயின் வேலை. அப்பா காலத்துல எடுத்த எச்எம்டி என்எச்22, இரும்ப சுத்தவிட்டு கடையற லேத்து, இன்னும் ஓடிட்டு இருக்குங்க. 22ன்னா சென்டர் ஹைட், அதாவது ஜாப் சுத்துற மையம் அடித்தளத்துலருந்து இருக்குற உயரம், 220 மில்லிமீட்டர். கனமான வார்ப்பு, பெரிய இரும்பு பாரு மாட்டி ஆழமா கட் குடுத்தாலும் அதிராது, மோட்டார் கொஞ்சம் முக்கும் அவ்ளோதான், சீவுன சில்லு சூட்டுல நீல நிறமா சுருண்டு விழும். அதே கட்ட பக்கத்துல நிக்கிற லைட் டியூட்டி லேத்துல போட்டா டூல் கீச்சு கீச்சுன்னு கத்தும், ஜாப் மேல அலை அலையா கோடு விழும். இத்தன வருஷத்துல பேரிங் மாத்துனோம், கிளட்ச் மாத்துனோம், டூல குறுக்க நகத்துற கிராஸ் ஸ்லைடு நட்டு தேஞ்சப்ப கன்மெட்டல்ல நாங்களே கடைஞ்சு போட்டுக்கிட்டோம், எல்லாத்தையும் தாங்குற அடித்தளமான பெட்டுல மட்டும் இன்னும் கை வைக்கல.

இப்பேர்ப்பட்ட மெஷின் செஞ்ச எச்எம்டி, அரசாங்கக் கம்பெனி, எப்படிங்க படுத்துச்சு? 1953ல சுவிஸ் கம்பெனி ஓர்லிகான் கூட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது, அப்புறம் பிஞ்சோர், களமசேரி, ஹைதராபாத்னு வளந்து வாட்ச், டிராக்டர், பல்புன்னு கைய எல்லாப் பக்கமும் நீட்டுனாங்க. 1991க்கு அப்புறம் இறக்குமதி வரி எறங்க எறங்க ஜப்பான்காரன், தைவான்காரன் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்ல தானா கடையற மெஷின், எல்லாம் உள்ள வந்துருச்சு, இங்கயும் மெஷின் செய்யற பெங்களூர் ஏஸ், நம்மூரு எல்எம்டபிள்யூ கம்பெனி எல்லாம் அந்தப் பக்கம் வேகமா போயிட்டாங்க. எச்எம்டியும் சிஎன்சி செஞ்சாங்கதான், ஆனா வாங்குறவன் பாக்குறது ஒரு பீசுக்கு எத்தன நிமிஷம், மெஷின் எப்ப கைக்கு வரும், என்ன விலை, இதத்தான். அரசாங்கக் கம்பெனி அந்த ஓட்டத்துக்கு ஃபைல நகத்துறதுக்குள்ள ஆர்டர் அடுத்தவன் வீட்டுக்குப் போயிரும். அப்புறம் இன்னொன்னு, இத யாரும் பெருசா பேசறதில்ல, மூடுன மில்லுங்க ஏலத்துல விட்ட பழைய எச்எம்டியே பாதி விலைக்குள்ள கெடைக்கும்போது எவன் புதுசு வாங்குவான்? அவங்க வித்த மெஷினே அவங்களுக்குப் போட்டிக்கு நின்னுச்சுங்க. 2016ல வாட்ச், டிராக்டர் ரெண்டையும் மூட அரசாங்கம் முடிவு பண்ணிருச்சு, மெஷின் டூல்ஸ் மட்டும் இன்னும் இருக்கு.

எங்க கதையும் அதுதான், அடுத்து வாங்குனது தைவான் சிஎன்சி. மொத்தமா வர்ற ஷாஃப்ட் ஆர்டர் எல்லாம் அதுலதான் போகுது, ஆபரேட்டர் பட்டன அமுக்கிட்டு ஃபோன் பாத்துட்டு நிக்கிறான். ஒத்த பீசு, ரிப்பேர் ஜாப், வளைஞ்ச ஷாஃப்ட், மில்லுலருந்து அவசரம்னு தூக்கிட்டு வர்ற ரோலர், இதுக்கெல்லாம் புரோகிராம் போட்டுட்டு உக்கார முடியாது, நேரா என்எச்22தான்.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறவங்க பெயிண்ட் பளபளப்பப் பாத்து ஏமாறாதீங்க. ஜாப கவ்விப் புடிக்கிற சக் பக்கத்துல பெட்ட வெரலால தடவிப் பாருங்க, தேய்மானம் மொதல்ல அங்கதான் வரும். ஒரு நீளமான பாரு மாட்டி மெலிசா ஒரு கட் ஓட்டி ரெண்டு முனையிலயும் மைக்ரோமீட்டர் வைங்க, டேப்பர், அதாவது ஒரு முனை தடிப்பா இன்னொண்ணு மெலிசா, வந்தா பாரோட அந்த முனைய தாங்குற டெயில்ஸ்டாக் அலைன்மெண்ட் சரி பண்ணிட்டு இன்னொரு தடவ ஓட்டுங்க. அப்பவும் வந்தா பெட் கிரைண்டிங் செலவ கழிச்சுட்டு விலை பேசுங்க.