லேப்டாப் ஸ்டாண்டா, தனி மானிட்டரா?

வீட்டில் வேலை பார்க்க மேசை போட்டாயிற்று, திரைக்கு என்ன செய்வது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

செலவு:
ஸ்டாண்ட் மலிவு. ஆனால் லேப்டாப்பை உயர்த்தியதும் அதன் கீபோர்டில் தட்டத் தோளைத் தூக்க வேண்டியிருக்கும், அதனால் தனி கீபோர்டு, மவுஸ் இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.
மானிட்டர் விலை கூடுதல்தான். லேப்டாப் மாறினாலும் அது அப்படியே உழைக்கும்.

கழுத்து:
எதுவானாலும் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்க வேண்டும். ஸ்டாண்ட் உயரத்தைத் தந்துவிடும், ஆனால் 14 அங்குலத் திரையில் பொடி எழுத்தைப் படிக்கப் படிக்க நம்மை அறியாமலே தாடை முன்னால் நீண்டுவிடும், எனக்குப் பிடரி வலி வந்தது அப்படித்தான்.
24 அங்குல மானிட்டரில் ஒரு பக்கம் எக்செல், மறுபக்கம் மெயில் திறந்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தே படிக்கலாம்.

இடம்:
ஸ்டாண்டை மடித்துப் பையில் போடலாம்.
மானிட்டர் மேசையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும்.

தினமும் ஆறேழு மணி நேரம் ஒரே இடத்தில் என்றால் யோசிக்காமல் மானிட்டர். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ் என்றால், சரி, ஸ்டாண்டே போதும். அப்புறம், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் இருந்தால்தான் திரையில் வெளிச்சம் அடிக்காது.