‘பிரேக்-இன் செய்த புது எஞ்சின்’ என்று விற்றால் உஷார்

மாடல் விமானம் பறக்கவிடும் நண்பர்களே, "புது எஞ்சின் சார், பிரேக்-இன் நாங்களே பண்ணிட்டோம், மாட்டிப் பறக்கவிட வேண்டியதுதான்" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் பர்ஸை வெளியே எடுக்காதீர்கள். (பிரேக்-இன் என்பது புது எஞ்சினை முதலில் பதமாக ஓட்டிப் பழக்குவது.) பழைய எஞ்சினைப் புதிது என்று தலையில் கட்ட இதைவிட வசதியான சாக்கு கிடையாது. அழுக்கோ கீறலோ, எதைக் காட்டினாலும் "ஓட்டிப் பார்த்தோம்ல சார்" என்று ஒரே பதில்.

நான் ஆன்லைனில் வாங்கியது 46 சைஸ் ஏபிசி (அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ் எனும் சிலிண்டர் உறை, அதில் குரோம் பூச்சு) கிளோ எஞ்சின் (மெத்தனால் எரிபொருளில், சூடான பிளக் கம்பியால் பற்றி ஓடுவது), ஏறக்குறைய 7.5 சிசி. பெட்டி பளபளவென்று இருந்தது. உள்ளே இருந்ததுதான் சரியில்லை. ஹெட்டின் ஃபின்களுக்கு (சூட்டைத் தணிக்கும் தகடுகள்) நடுவே, எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெய் தீய்ந்து பழுப்பாக அப்பியிருந்தது. ஸ்டாண்டில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டினால் பிசுக்குதான் இருக்கும், துடைத்தால் போய்விடும். இது நகத்தால் சுரண்டியும் வரவில்லை. பின்மூடியைக் கழற்றினால் கிராங்க் கேஸுக்குள் பொடி மணல், பின் பேரிங்கில் செந்துரு. ஸ்டாண்டில் ஓடிய எஞ்சினுக்குள் மணல் எங்கிருந்து வரும்? தரையில் குத்திய விமானத்திலிருந்து கழற்றி, எண்ணெய்கூட விடாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்த சரக்கு. மெத்தனால் மிச்சம் ஈரத்தை இழுத்துப் பேரிங்கைத் தின்றிருக்கிறது.

ஏபிசியில் குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ் மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும். அதனால் குளிர்ந்திருக்கும்போது புது எஞ்சினைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும், கிறீச்சென்று சத்தம்கூட வரும். எனக்கு வந்ததோ, பிளக் மாட்டியிருக்கும்போதே ஒரு விரலுக்குச் சுழன்றது.

போன் செய்து, எப்படி பிரேக்-இன் செய்தீர்கள் என்று கேட்டேன். "நீடிலை நல்லா திறந்து, ஃபோர் ஸ்ட்ரோக் சத்தத்துல ரெண்டு மணி நேரம் மெதுவா ஓடவிட்டோம் சார்." அதாவது எரிபொருள் திருகைத் தாராளமாகத் திறந்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும் சத்தத்தில் ஓட்டுவது. அது பிஸ்டனில் வளையம் (ரிங்) போட்ட எஞ்சினுக்குச் செய்வது! ஏபிசியை அப்படிச் சூடேறாமல் ஓட்டினால் ஸ்லீவ் விரியாது, அந்த இறுக்கமே தேய்ந்துவிடும். சற்று ரிச்சாக (எரிபொருள் கொஞ்சம் கூடுதலாக), ஆனால் டூ ஸ்ட்ரோக்கிலேயே (ஒவ்வொரு சுற்றும் வெடிக்கும்படி), சில நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். எரிபொருளில் எண்ணெய் 18-20 சதவீதம் இருந்தால் நல்லது, அதில் கொஞ்சமாவது விளக்கெண்ணெய் வேண்டும். ஒரு சாயங்கால வேலை, அவ்வளவுதான். இதற்கு அந்த ஆள் ‘சர்வீஸ் சார்ஜ்’ வேறு வாங்கியிருந்தார்.

படங்களை அனுப்பினேன். "பிரித்த எஞ்சினுக்கு வாரன்டி கிடையாது" என்று முடித்துக்கொண்டார்கள். பேரிங்குகளும் பிஸ்டன்-ஸ்லீவ் செட்டும் மாற்றுவதற்குப் பேசாமல் வேறு எஞ்சினே வாங்கிவிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒரு பைசா வரவில்லை.

ஆன்லைனில் எஞ்சின் வாங்குபவர்கள் பணம் கட்டுமுன் எக்ஸாஸ்ட் வழியாகத் தெரியும் பிஸ்டன், மவுன்ட் துளைகள், பின்மூடி திருகுகளின் தலை ஆகியவற்றைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் வேறு கடை பாருங்கள்.