ஏழு பொங்கல் பாத்த கைவேலைப் பெட்டி: எது நின்னுச்சு, எது குப்பைக்குப் போச்சு

மொதல்லயே சொல்லிப்போடறனுங்க, நான் கிராஃப்ட் கிளாஸ் எடுக்கறவ இல்ல, கடை வெச்சு விக்கறவளும் இல்ல. பல்லடத்துக்குப் பக்கத்துல தறிகுடோன் வெச்சிருக்கற வீடு எங்களுது. பொண்ணு எல்கேஜி படிக்கறப்ப, 2019 பொங்கலுக்கு, ஒரு வாழ்த்து அட்டை செஞ்சு எடுத்தாரச் சொல்லி ஸ்கூல்ல சொல்லிட்டாங்கன்னு ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து ஆரம்பிச்ச சோலி இது, இப்ப ஏழு பொங்கல் தாண்டிருச்சு. வருசத்துக்கு அம்பது அறுவது கார்டு, நோன்பிக்கு நோன்பி வாசலுக்கு ஏதாச்சும் ஒரு தோரணம், மார்கழில எதுத்த வீட்டு அக்காளுக்கு ஒரு கிறிஸ்மஸ் ஸ்டாரு, ஆகஸ்ட் மாசமானா ஸ்கூலுக்குக் காயிதக் கொடி. இதுக்குள்ள வாங்கித் தொலைச்ச சாமானத்தை எல்லாம் போன வாரம் அட்டாலில இருந்து எறக்கி வெச்சுப் பாத்தேன், மனசு ஆறல, எழுதிட்டேன்.

மொத தப்பு, எல்லாரும் பண்றதுதான், கிட்டு வாங்கறது. ஒரு டப்பாக்குள்ள எல்லாமே இருக்கும்னு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், பேர் சொல்ல வேண்டாம். ஸ்டிக்கரு, மணி, ரிப்பனு, பூ போடற பஞ்ச்சு, அஞ்சு கலர் கிளிட்டரு, கத்திரிக்கோலு, பசைன்னு பாக்க கண்ணாலச் சீர் தட்டாட்டம் இருந்துச்சு. அந்தக் கத்திரி பேப்பரை வெட்டாது, கடிக்கும். பஞ்ச்சு மெல்லிசு பேப்பர்ல மட்டும்தான் எறங்கும், கார்டு அட்டைல போட்டு அழுத்தினா மாட்டிக்கும், அப்பறம் அதை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் தேடோணும். அதுல இன்னிக்கு வரைக்கும் உயிரோட இருக்கறது அந்த டப்பா மட்டுந்தான், பொண்ணு ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கா.

பேப்பர் வெசயம் கொஞ்சம் வெவரமாவே சொல்லோணும், ஏன்னா கார்டுக்கு உசுரே அதுதான். செராக்ஸ் பேப்பர் 75 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்துக்கு ஒரு கணக்கு) வரும், அதுல கார்டு பண்ணா கையில எடுத்ததும் தொங்கும். அப்ப நல்லா கெட்டியா இருக்கட்டும்னு 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை வாங்கி ரெண்டா மடிச்சு கார்டு பண்ணி, கோபி பக்கம் இருக்கற எங்க அமுச்சிக்கு (அம்மாவோட அம்மா) அஞ்சு ரூவா ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிட்டேன். ஜிஎஸ்எம்முன்னா ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, ஏ4-ங்கறது அந்தச் சதுர மீட்டர்ல பதினாறுல ஒரு பங்கு, அப்ப 300-ஐ 16-ஆல வகுத்தா ஒரு தாளே கிட்டத்தட்ட 19 கிராம், அதுக்கு மேல கவரு, அதுக்கும் மேல நான் ஒட்டின மணி பாசி எல்லாம். சாதா லெட்டருக்கு அஞ்சு ரூவாங்கறது 20 கிராம் வரைக்குந்தான். ஸ்டாம்பு கொறைஞ்சா அந்தக் கொறையை லெட்டர் வாங்கறவங்க கிட்ட ரெட்டிப்பா வாங்குவாங்கங்கறது எனக்குத் தெரியவே தெரியாது. நாலு நாள் கழிச்சு அமுச்சி போன் பண்ணி, "ஏங்கண்ணு, வாழ்த்துச் சொல்றதுக்கு என்ற கையிலயே பத்து ரூவா வாங்கீட்டயே" அப்படீங்குது. அதுல இருந்து 220 ஜிஎஸ்எம் தான், தாளு 14 கிராமுக்குள்ள முடிஞ்சுரும், கவருக்கும் ஒரு சின்ன பூவுக்கும் எடம் இருக்கும். கவரு நான் வாங்கறதே இல்ல, போன வருச மாசக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு மடிச்சு ஒட்டிக்கறது, வெள்ளப் பக்கம் வெளிய வர்ற மாதிரி. உள்ள பிரிச்சா பாதி முருகரு தெரிவாரு, சிலருக்கு அதுவே புடிச்சிருக்குது.

அடுத்தது மடிப்பு. கெட்டி அட்டையை அப்படியே கையில மடிச்சா முதுகுல வெள்ளை வெள்ளையா வெடிக்கும் பாருங்க, ரெண்டு வருசம் அது என்ற கையோட கோளாறுன்னே நெனச்சுட்டு இருந்தேன். அது பேப்பரோட நாரு ஓடற திசை. தறி வெச்சிருக்கறவளுக்கு இது மொதல்லயே தெரிஞ்சிருக்கோணும், துணிக்குப் பாவு ஊடை (நீளவாக்கு நூலு, குறுக்குவாக்கு நூலு) இருக்கற மாதிரி பேப்பருக்கும் நாரு ஒரு பக்கமாத்தான் படுத்திருக்குது. தாளை மடிக்காம ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் முரண்டு புடிக்காம வளையுதோ அந்தப் போக்குலதான் மடிப்பு வரோணும். கடைல கெடைக்கற ஏ4-ல பெரும்பாலும் நாரு நீளவாக்குல ஓடும், நாம கார்டுக்கு மடிக்கறதோ அதுக்குக் குறுக்கால, அப்பறம் வெடிக்காம என்ன செய்யும். அதனால இப்பெல்லாம் பெரிய ஷீட்டா வாங்கி நானே திசை பாத்து வெட்டிக்கறேன். மடிக்கறதுக்கு முன்னால இங்க் தீந்துபோன ரீஃபில்ல ஸ்டீல் ஸ்கேல் வெச்சு ஒரு கோடு, அழுத்தி, ஆனா கிழியாம. அந்தக் கோட்டு மேல மடிச்சு கரண்டிக் காம்பால ஒரு தேய்ப்பு. இதுக்குன்னு எலும்புல செஞ்ச மாதிரி ஒரு சாமான் விக்கறாங்க, வாங்கினேன், கரண்டிக் காம்புக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியல.

வெட்டறதுக்கு 18 எம்எம் கட்டர் ஒண்ணு, 9 எம்எம் ஒண்ணு, அவ்வளவுதான். பெரிசு கார்ட்டன் பொட்டிக்கு, சின்னது பேப்பருக்கு. பிளேடை ஒடைக்க கஞ்சத்தனம் பண்ணாதீங்க, மொன்னை பிளேடுதான் பேப்பரையும் கிழிக்கும் கையையும் கிழிக்கும், ஏன்னா வெட்டலைன்னு இன்னும் அழுத்துவோம். என்ற எடது கட்டை வெரல்ல தையல் தழும்பு இருக்குது, சாட்சிக்கு. கட்டிங் மேட் நல்ல சாமானுதான், ஆனா அதை சித்திரை மாசம் மொட்டை மாடில கழுவிக் காயப் போட்டுட்டு தூங்கிட்டேன், எந்திரிச்சுப் போய்ப் பாத்தா அப்பளமாட்டம் வளைஞ்சு கெடக்குது. கனத்தைத் தூக்கி மேல வெச்சும் நேராகல. இப்ப அதை அடுப்படில காய் நறுக்க அத்தை எடுத்துட்டாங்க.

இனி பசை. இங்கதான் நான் அதிகமாக் காசு விட்டது, அதிகமாக் கத்துக்கிட்டதும் இங்கதான். வெள்ளைப் பசை (எந்தக் கம்பெனிதா இருந்தாலும் நம்மூர்ல ஃபெவிகால்னுதான் பேரு) ஏழு வருசம் கழிச்சும் ஒட்டுனது ஒட்டுனபடி இருக்குது, 2019-ல ஒட்டுன கார்டு இன்னும் பிரியல. அதுல தண்ணி இருக்கறதால மெல்லிசு பேப்பர்ல அள்ளிப் பூசினா அலையலையாச் சுருங்கும். பழைய ஏடிஎம் கார்டு இருந்தா அதை வெச்சு வழிச்சு மெல்லிசா இழுத்து விட்டுட்டு, மேல ஒரு டெலிபோன் டைரக்டரி வெச்சு ராத்திரி பூரா அழுத்தி வெச்சா சுருக்கமே வராது. டைரக்டரி இல்லாத வீட்டுக்கு ஆட்டாங்கல்லுக் குழவி.

குளூ கன்னுக்கு ஊரே அடிமை. எனக்கும் வாங்குன புதுசுல அப்படித்தான், சட்டுனு ஒட்டுது, காயறதுக்குக் காத்திருக்க வேண்டியதில்லன்னு அந்த வருசம் தீவாளிக்கு செஞ்சது எல்லாமே அதுலதான். வீட்டுக்குள்ள தொங்குனது நல்லாத்தான் இருந்துச்சு. வெளி கேட்டுல கட்டுனதை பங்குனி வெயில்ல கழட்டாம விட்டுட்டேன், மேக்கால வாசல் வேற, இரும்பு கேட்டு கை வெக்க முடியாத சூடு, ஒவ்வொரு பூவா எளகி நழுவி கீழ கெடந்துச்சு. சூட்டுல எளகி ஒட்டற சாமானு சூட்டுல எளகி விடும்ங்கறது யோசிச்சா சின்னப் புள்ளைக்கும் தெரியும், எனக்குத்தான் கேட்டு சொல்லிக் குடுத்துச்சு. அதுபோக அந்தக் கம்பு 7 எம்எம், 11 எம்எம்னு ரெண்டு சைசுல வரும், மாத்தி வாங்கிட்டு வந்துராதீங்க, சின்ன கன்னுக்குள்ள பெருசு போகாது. பொண்ணுக்கு அதைத் தொட இன்னும் அனுமதி இல்ல, சுட்டா தோலோட ஒட்டிக்கும்.

அத்தைக்கு இந்தப் பசை எதுலயும் நம்பிக்கை இல்ல. "மைதா மாவுல கிண்டி ஒட்டுனா ஆகாதா அம்மிணி, அந்தக் காலத்துல செனிமா போஸ்டரே அதுலதான் ஒட்டுனாங்க" அப்படின்னு ஒரு நாள் அடுப்பைப் பத்த வெச்சே கிண்டிக் குடுத்துட்டாங்க. அத்தை சொன்னது பொய் இல்லீங்க, கார்ட்டன் அட்டை மேல பெரிய காயிதம் ஒட்டறதுக்கு மைதாப் பசையை மிஞ்ச ஒண்ணும் இல்ல, செலவும் இல்ல. ஆனா கரப்பானுக்கும் அந்த வெள்ளிப் பூச்சிக்கும் அது விருந்துச் சாப்பாடு. அந்தக் காலத்துல அதுக்குத்தான் மயில்துத்தம் போட்டுக் கிண்டுவாங்க, அது வெசம், புள்ளைங்க இருக்கற வீட்ல வேண்டவே வேண்டாம். நான் மைதாவை ஒரு நோன்பியோட கழட்டி எறியற சாமானுக்கு மட்டும் வெச்சுக்கறேன்.

கிளிட்டர பத்தி ஒரே வரி: வாங்காதீங்க. 2021-ல கொட்டுனது இன்னும் தறிகுடோன் மூலைல மினுங்குது, ஒரு தடவ வெள்ளைத் துணி பீஸ்ல ஒட்டிட்டு வீட்டுக்காரர் பேசுன பேச்சு இருக்குதே.

திருப்பூர்க்காரங்களுக்கும் சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்கும் ஒரு வரம் இருக்குது, அதை விட்டுட்டு ஆன்லைன்ல ரிப்பன் வாங்கறது மகாப் பாவம். பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டு. எங்க நங்கையா ஒரு கம்பெனில செக்கிங் போறாங்க, மொத மொதல்ல அவங்க ஒரு மூட்டை கொண்டாந்து போட்டப்ப கரித்துணிக்குத்தான் ஆகும்னு நெனச்சேன். அப்பறம் ஒரு துண்டை ரெண்டு வெரல் அகலத்துக்கு நாடாவா வெட்டி, ரெண்டு முனையும் புடிச்சு வெடுக்குனு இழுத்தேன். ஓரம் ரெண்டும் தானாச் சுருண்டு உள்ள போய் உருண்டையா ஒரு கயிறு வந்து நிக்குது! பிசுறு தெரியல, தைக்க வேண்டியதில்ல. ஆனா எல்லாத் துணியும் இப்படிச் சுருளாதுங்க. சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா பனியன் துணி, அது சுருளும், அதையும் துணியோட அகலவாக்குல வெட்டியிருக்கோணும். ரிப்பு, இன்டர்லாக்குன்னு வேற பின்னல்ல வர்ற துணிங்க இழுத்தா நீண்டுட்டு அப்படியே தட்டையாப் படுத்துக்கும், அது பூ இதழ் வெட்டறதுக்கு நல்லா இருக்கும். இந்தக் கயித்துல குஞ்சம் கட்டி, நூல் தீந்துபோன காயிதக் கோனைப் பாதியா அறுத்து, அதுக்குக் கலரடிச்சு மணியாட்டம் நடுவுல தொங்க விட்டதுதான் நாலு வருசமா எங்க வாசல் தோரணம். கோனை ஆக்ஸா பிளேடுல அறுங்க, கட்டர் வழுக்கும்.

பேப்பர் தோரணத்தை ஏன் விட்டன்னா, காத்து. பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற ஆடிக்காத்து எங்க பக்கம் என்ன பண்ணும்னு காத்தாடி நட்டு கரண்ட்டு எடுக்கறவங்களைக் கேளுங்க. ஒரு ஆடிப்பெருக்குக்கு கலர் பேப்பர்ல கொடி கொடியா வெட்டி ஸ்டேப்ளர் அடிச்சு மாடில இருந்து மாட்டுக்கொட்டாய் வரைக்கும் கட்டினேன், பொழுதோட பாத்தா கயிறு இருக்குது, ஸ்டேப்ளர் பின்னு இருக்குது, காயிதம் பூராவும் பக்கத்துத் தோட்டத்து மக்காச்சோளத்துல. இப்ப ஸ்கூலுக்குக் கொடி செய்யறப்ப (2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் கொடிக்குத் தடை, அதனால காயிதக் கொடிக்கு மவுசு) மேல ஒரு இஞ்சி மடிச்சு உள்ள நூலை வெச்சு வெள்ளைப் பசைல ஒட்டிடறேன், அது தாக்குப் புடிக்குது. இன்னொண்ணு, அந்த கண்ணைப் பறிக்கற ரேடியம் கலர் சார்ட்டு வெயில்ல ரொம்ப நாள் நிக்காது, வெளுத்து கோழிக்கழிச்சல் நெறத்துக்கு வந்துரும். கருஞ்சேப்பு, கருநீலம்னு அடர்த்தியா இருக்கறது கொஞ்சம் தாக்குப் புடிக்கும்.

கடைசியா, காசே போடாம வந்த சாமானு. போகி அன்னிக்கு நம்ம பக்கம் காப்புக் கட்டுவோம் இல்லீங்களா, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ, மாவிலை எல்லாம் ஒரு கொத்தா. 2022-ல கட்டி மீந்ததை வீசாம பழைய கணக்கு நோட்டுல நியூஸ் பேப்பர் வெச்சு நடுவுல பரப்பி மேல குழவியை வெச்சு மறந்துட்டேன். மாசி மாசம் எடுத்துப் பாத்தா வேப்பிலை பச்சை போயி பழுப்பாகி ஆனா நரம்பு நரம்பா அத்தனை அழகு. ஆவாரம்பூதான் ஏமாத்திருச்சு, மஞ்சள் போயி டீத்தூள் கலர்ல வந்துச்சு. ஈரம் நிக்கறதுதான் காரணம்னு அடுத்த வருசம் மூணு நாளைக்கு ஒருக்கா நியூஸ் பேப்பரை மாத்திப் பாத்தேன், பாதிக்குப் பாதி மஞ்சளாவே நின்னுச்சு. பூளைப்பூவுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாம், அது செடிலயே காஞ்ச மாதிரிதான இருக்குது, அந்த வெள்ளைப் பஞ்சு அப்படியே நிக்கும், காம்புக்கு ஒரு பொட்டு பசை, கார்டு மேல வெச்சு லேசா அழுத்துனாப் போதும். ஊர் விட்டு வெளிய இருக்கற ஒறம்பரைக்கு இந்தப் பூளைப்பூ கார்டு போனா மட்டுந்தான் போன் வருது, மத்ததுக்கு எல்லாம் வாட்ஸப்புல கை கும்பிடற படம்.

அடுத்த பொங்கலுக்கு 220 ஜிஎஸ்எம் நாப்பது வெட்டி கோடு போட்டு வெச்சாச்சு. பூ மட்டும் பாக்கி. இட்டேரி (ரெண்டு வேலிக்கு நடுவுல போற வழி) ஓரம் இருந்த பூளைச் செடியை எல்லாம் இந்தத் தடவ ஜேசிபி விட்டு வழிச்சுட்டாங்க, அத்தை தெக்கால காட்டுல கொஞ்சம் இருக்குதுங்கறாங்க, ஞாயித்துக்கெழம போய்ப் பாக்கோணும்.