இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுன்ட்: மொதல்ல பிறந்த வருஷத்த பாருங்க

மூணு மாசமா மக போன்ல இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுன்ட் (18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கான பாதுகாப்பான அக்கவுன்ட்) ஓடுது, கூடவே பேரன்ட் சூப்பர்விஷனும், அதான் பெத்தவுக கண்காணிக்கிற வசதியும் போட்டிருக்கேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். காரைக்குடில தெரிஞ்ச அம்மாமாரு நெறைய பேரு கேட்டாக, அதான் எழுதுறேன்.

மக பத்தாவது படிக்கிறா, வயசு 15. வீட்டுக்காரவுகளுக்கு சிங்கப்பூர்ல வேல, வீட்டுல நானும் அப்பத்தாவும்தான். பொங்கலுக்கு பள்ளத்தூர் வீட்டுக்குப் போனப்ப தாவணி கட்டிக்கிட்டு முகப்புல நின்னு ஒரு ரீல் போட்டிருக்கா. அழகாத்தான் இருந்துச்சு, ஆனா நிலைக்கு மேல எழுதியிருக்கிற விலாசம் வரைக்கும் பளிச்சுனு தெரியுது. நம்ம பக்கத்துல விலாசம் தெரிஞ்சா போதும், யாரு வீட்டுப் பிள்ளைன்னு கண்டுபிடிச்சிரலாம். அத முன்னப்பின்ன தெரியாத ஆளுக எத்தனையோ பேரு பாத்திருக்காக. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

அவுககிட்ட சொன்னா "போன வாங்கி வச்சிரு, ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர்ல இருந்து 16 வயசுக்குக் கீழ அக்கவுன்டே வச்சிக்கக் கூடாதாம்"னாக. டியூசன் நோட்ஸ்ல இருந்து எல்லாம் அந்த போன்லதான் வருது, எப்படி வாங்கி வைக்கிறது?

இந்த டீன் அக்கவுன்ட் 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்சு, நம்ம நாட்டுக்கு 2025 பிப்ரவரில வந்துச்சு. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்குத் தானா மாறிரும்னு கேள்விப்பட்டு, அப்ப ஏன் என் மகளுக்கு மாறலன்னு உள்ள போயி பாத்தா பிறந்த வருஷம் 1999ன்னு இருக்கு! ஏழாவது படிக்கிறப்ப ஒரு மொபைல் கடையில ஐடி போட்டுக் குடுத்தாகளாம். 13 வயசு ஆகாம அக்கவுன்டே தொறக்கக் கூடாது, அதனால கடைக்காரத் தம்பி வாய்க்கு வந்த வருஷத்தப் போட்டுட்டாரு. ஆக இத்தன நாளும் என் பிள்ள அதுல பெரிய மனுசி கணக்குல இருந்திருக்கா.

சரியான வருஷம் போட்டப்புறம் அக்கவுன்ட் பிரைவேட் ஆச்சு, அவ ஓகே பண்ணாம யாரும் ஃபாலோ பண்ண முடியாது, அவ ஃபாலோ பண்ணாத ஆளுக மெசேஜ் அனுப்பவும் முடியாது. ராத்திரி 10ல இருந்து காலைல 7 வரைக்கும் நோட்டிஃபிகேஷன் வராது. இத எல்லாம் தளர்த்தணும்னா 16 வயசு ஆகுற வரைக்கும் பெத்தவுக சம்மதம் வேணும். திரும்ப வயச 18க்கு மேல ஏத்தப் பாத்தா அடையாள அட்டை கேக்கும், இல்லன்னா மூஞ்சிய வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லும்.

தினம் ஒரு மணி நேரம் ஆனதும் போதும்னு ஞாபகப்படுத்துது, ஆனா அத தள்ளிவிட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். சூப்பர்விஷன்ல நாம நேரம் குறிச்சு வச்சாத்தான் நிக்கும். அதுக்கு நமக்கும் ஒரு இன்ஸ்டாகிராம் ஐடி வேணும், பிள்ளையும் அவ போன்ல ஒத்துக்கிட்டு அக்செப்ட் குடுக்கணும், தெரியாம செய்ய முடியாது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. வளவுல ரெண்டு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணா படிச்சு படிச்சுப் போட்டோம், மொதல்ல மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தவ "அம்மா, எனக்கே சில பேரு மெசேஜ் பாத்தா பயமா இருக்கும், சொன்னா போன வாங்கிருவீகன்னுதான் சொல்லல"ன்னா. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

கடைசி ஏழு நாளுல யாருகூட பேசினான்னு பேரு மட்டும் காட்டும், என்ன பேசினான்னு காட்டாது. அதுவும் சரிதான், 15 வயசுப் பிள்ளைக்கு ஃபிரண்டுகிட்ட பேச ஒரு மறைவு வேணும்ல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, வேற மெயில்ல இன்னொரு ஐடி தொறந்துட்டா இதுல ஒண்ணும் தெரியாது, யூடியூப் ஷார்ட்ஸ்ல உக்காந்திருந்தாலும் இதுக்குத் தெரியாது.

பள்ளத்தூர் ரீல அவளே அழிச்சுட்டா. நீங்க சூப்பர்விஷன் போடுறதா இருந்தா செட்டிங்ஸ்ல ஃபேமிலி சென்டர்னு இருக்கும், ஆனா அதுக்கு முன்னாடி அக்கவுன்ட்ஸ் சென்டர்ல பர்சனல் டீட்டெய்ல்ஸ் போயி பிறந்த தேதிய பாருங்க. கடையில ஐடி போட்ட பிள்ளைகன்னா இன்னைக்கே பாருங்க.