ஏற்காடு ஏற எது, பெட்ரோல் ஸ்கூட்டரா மின் ஸ்கூட்டரா?

"5 நிமிஷ சார்ஜில் 400 கிலோமீட்டர்" என்று 2025 மார்ச்சில் சீனக் கார் கம்பெனி பிஒய்டி அறிவித்த செய்தியை சேலம் அஸ்தம்பட்டி டீக்கடையில் வாசித்தேன். பக்கத்தில் இருந்த அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு, "அது காருப்பா, என் வண்டி கொண்டை ஊசி ஏறுமா சொல்லு" என்றார்.

நியாயம்தான். 20 வளைவு, சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். இரண்டு பேரோடு மின் வண்டியை மேலே தூக்கவே முக்கால் யூனிட் கரண்ட் போய்விடும், அதனால் ஊருக்குள் ஒரு சார்ஜில் கிடைக்கிற ரேஞ்சை (ஓடும் தூரத்தை) நம்பிக் கிளம்பக் கூடாது. பெட்ரோல் வண்டி முக்கி முக்கி ஏறினாலும் அந்தப் பயம் இல்லை.

இறங்கும்போது கதையே வேறு. பெட்ரோல் ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கருகல் வாடை வரும். பல மின் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே மோட்டார் இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் சார்ஜும் ஏறும், ஆனால் மேலே போய் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால், சார்ஜ் ஏற இடமில்லாமல் அது நடக்காது.